லாங்வால் நிலக்கரிச் சுரங்கத்தில் கரி எடுத்த வெற்றிடத்தை ஏன் நிரப்புவதில்லை?

கேள்வி (பர்கூர், சுரங்கவியல் டிப்ளமோ மாணவர்):
ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரிப் பகுதியில் தாமோதர் ஆற்று மணலை நீரோடு கலந்து குழாய் வழியே இறக்கி, கரி எடுத்த இடங்களை நிரப்பினார்கள் என்று படித்தேன். நீண்ட கரிச் சுவரை இயந்திரத்தால் தொடர்ந்து அறுத்தெடுக்கும் லாங்வால் முறையில் மட்டும் கூரையை இடிந்து விழ விடுவது ஏன்? கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் குவியும் அறுவைச் சேற்றை இதற்குப் பயன்படுத்த இயலுமா?

பதில் (தருமபுரி, ஓய்வுபெற்ற ஓவர்மேன்):
தம்பி, மணல் நிரப்புவது நம் நாட்டில் பெரும்பாலும் தூண் விட்டு வெட்டும் சுரங்கங்களில் வளர்ந்த முறை; அங்கே தூண்கள் கூரையைத் தாங்கி நிற்பதால் நிரப்புவதற்கு அவகாசம் உண்டு. லாங்வாலில் கரி அறுக்கும் இயந்திரமான ஷியரர் ஒரு நடை அறுத்ததும், கூரையைத் தாங்கும் ஹைட்ராலிக் தாங்கிகள் முன்னே நகர்கின்றன. பின்னால் தாங்கலை இழந்த கூரை விழுந்தாக வேண்டும். விழாமல் பெரும்பரப்பில் தொங்கி நின்று திடீரென்று இடிந்தால்தான் தாங்கிகள் நசுங்கும், காற்று வெடிப்பதுபோல் கரி வெட்டும் முகப்புக்குள் பாயும். அது விழுவதற்கு முன்பே நிரப்புவதென்றால் தாங்கிகளின் பின்புறத்திலும் ஒரு கன்வேயரும், கொட்டியதை இறுக்கும் கருவியும் வேண்டும். சீனாவில் சுரங்கக் கழிவுக் கல்லை இப்படி நிரப்புகிறார்கள். ஆனால் கரி வெட்டும் வேகம் நிரப்பும் வேகத்துக்குள் அடங்கிவிடுகிறது. பெருமுதல் போட்டு இயந்திரத்தை இறக்குவதே அந்த வேகத்துக்காகத்தான்.

பதில் (ஊத்தங்கரை, மண் பொறியியல் துறை):
சேற்றைப் பற்றிச் சொல்கிறேன். நீரோடு அனுப்பும் நிரப்புப் பொருளிலிருந்து நீர் விரைவாக வடிய வேண்டும்; அதற்குத்தான் ஆற்று மணல் ஏற்றது. மாவுபோன்ற கிரானைட் சேறு நீரைப் பிடித்துக்கொள்ளும்; அந்த அழுத்தத்தில், நிரப்பை அடைத்து நிற்கும் தடுப்புச் சுவர் உடைந்தால் கீழே இருப்பவர்கள் தப்புவது கடினம். சிமென்ட் கலந்த பசை நிரப்பு என்றால் கதை வேறு: அதில் 20 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான நுண்துகள் 15 விழுக்காடு அளவிலாவது இருப்பது அவசியம், ஆகவே இந்தச் சேறு பொருந்தக்கூடும். ஆனால் இங்கிருந்து தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்கள் வரை லாரியில் ஏற்றிச் செல்வது வீண்; அங்கேயே அனல்மின் நிலையச் சாம்பல் கிடைக்கிறது.

பதில் (தருமபுரி, ஓய்வுபெற்ற ஓவர்மேன்):
செலவை மட்டும் பார்த்து முடிவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. இடிய விட்டால் கரிப் படலத்தின் தடிமனில் 80 முதல் 90 விழுக்காடு வரைகூட மேல்நிலம் தாழலாம். மேலே ஊரோ ரயில் பாதையோ ஆறோ இருக்குமிடத்தில் நிரப்பாமல் வெட்டவே கூடாது. நன்றாக நிரப்பினால் உள்ளே மிஞ்சிய கரிக்குக் காற்று எட்டுவது குறைந்து, அது தானாகத் தீப்பற்றும் வாய்ப்பும் குறைகிறது. உங்கள் பட்டறைச் சேற்றுக்கு நம் மாவட்டங்களிலேயே கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளங்கள் இருக்கின்றன. நிலத்தடி நீரைச் சோதித்துவிட்டு அவற்றை நிரப்புவது குறித்து உங்கள் திட்ட அறிக்கையை எழுதுங்கள்.