ரிஸ்க், ஹசார்டு, டேஞ்சர்: மூன்றையும் பிரித்துக் காட்டும் சொற்கள் தேவை

63 டன் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம்) ஒன்றின் பாதுகாப்புக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். கோவைப் பட்டறைகளில் இயந்திரம் ஓட்டுபவர்கள் படிக்க வேண்டியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஐஎஸ்ஓ 12100 என்ற இயந்திரப் பாதுகாப்புத் தரப்படி ஹசார்டு என்பது தீங்கின் மூலம்: சுழலும் ஃபிளைவீல், இறங்கி அழுத்தும் ராம். ரிஸ்க் என்பது அதனால் அடிபட எவ்வளவு வாய்ப்பு, பட்டால் எவ்வளவு மோசம் என்ற இரண்டும் சேர்ந்தது. கார்டு (பாதுகாப்புத் தடுப்பு) மாட்டினால் ரிஸ்க் குறையும். ஹசார்டு அப்படியே இருக்கும். இரண்டுக்கும் 'அபாயம்' போட்டுப் பார்த்தேன். "அபாயம் குறையும், அபாயம் இருக்கும்" என்று வந்து நின்றது!

ரிஸ்க்குக்கு 'இடர்' வைத்தேன். ஆனால் 'பேரிடர்' பழகிய காதுக்கு அது ஏற்கெனவே நடந்துவிட்ட துன்பமாகக் கேட்கிறது. இலங்கை வங்கித் துறையின் 'இடர்நேர்வு' துல்லியம்தான், பட்டறைக்குப் புதிது. மியூச்சுவல் ஃபண்டு விளம்பரத்தின் 'சந்தை அபாயம்' இங்கே உதவாது. ஹசார்டுக்கு 'தீங்கு மூலம்' சரி, ஆனால் பாடப்புத்தக வாடை.

டேஞ்சர் தனித் தொல்லை. எச்சரிக்கைப் பலகையில் சிவப்பு டேஞ்சர், ஆரஞ்சு வார்னிங், மஞ்சள் காஷன் என்று மூன்று படி. 'ஆபத்து', 'எச்சரிக்கை', 'கவனம்' என்று அவற்றை முடித்துவிட்டேன். அதனால் 'ஆபத்து' இனி வேறெதற்கும் கிடையாது.

'ஆபத்து', 'அபாயம்' இரண்டையும் தொடாமல், எட்டாம் வகுப்பு படித்தவருக்கும் ஒரே வாசிப்பில் புரியும்படி, ஹசார்டுக்கு என்ன சொல் போடலாம்?