புது டிஎஸ்எல்ஆர்: வீட்டுக்குள் எடுத்தால் மங்கல், சில நேரம் ஷட்டரே விழுவதில்லை. பழுதா?

கேள்வி – புதுக்கண்

வணக்கம் நண்பர்களே. 18-55 கிட் லென்ஸோடு வந்த டிஎஸ்எல்ஆர். வெளியில் பகலில் எடுத்தால் குறையே இல்லை. வீட்டுக்குள் குழந்தைகளை எடுத்தால் பத்துக்கு ஏழு படம் மங்கல். ஒரு மங்கல் படத்தின் விவரம்: 55 மி.மீ., எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/13 நொடி. ஸ்டெபிலைசர் ஆனில்தான் இருந்தது. சில நேரம் பட்டனை முழுதாக அழுத்தினாலும் ‘க்ளிக்’ விழுவதில்லை. வியூஃபைண்டரில் பார்த்தால் எப்போதும் கலங்கலாகத் தெரிகிறது, ஆனால் படத்தில் அந்தக் கலங்கல் இல்லை. டியூப்லைட்டில் தொடர்ச்சியாக எடுத்தால் ஒரு படம் மஞ்சள், அடுத்தது இருட்டு. இதே அறையில் போன் தெளிவாக எடுக்கிறது. கேமராவை மாற்றித் தரச் சொல்ல வேண்டுமா?

பதில் – அரைநொடி

மாற்ற வேண்டாம். நீங்கள் கொடுத்த விவரத்திலேயே காரணம் இருக்கிறது: 1/13 நொடி.

முதலில் அந்த மங்கல் படத்தை கேமரா திரையில் முழுக்கப் பெரிதாக்கிப் பாருங்கள். குழந்தை மட்டும் இழுபட்டு, பக்கத்தில் உள்ள நாற்காலி தெளிவாக இருந்தால் ஆள் அசைந்திருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டு, விளக்குப் புள்ளிகள் குட்டிக் கோடுகளாகியிருந்தால் கை ஆடியிருக்கிறது. இழுபட்ட தடயமே இல்லாமல் முகம் மட்டும் மெத்தென்று இருந்து, பின்னால் இருக்கும் திரைச்சீலையின் நெசவு தெரிந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மூன்றையும் ‘பிளர்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால்தான் பலர் தேவையில்லாமல் புது லென்ஸ் வாங்குகிறார்கள்.

ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தை மட்டுமே சமாளிக்கும். குழந்தை தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. உட்கார்ந்து பேசுபவருக்கு 1/125, ஓடியாடும் பிள்ளைக்குக் குறைந்தது 1/250 வேண்டும். ஆள் அசையாவிட்டாலும் ஸ்டெபிலைசர் இல்லாமல் 55 மி.மீ.யில் 1/80க்குக் கீழே போகக்கூடாது; உங்கள் கேமராவின் சிறிய சென்சாரில் (படம் பதியும் சில்லு) 55 என்பது ஃபிலிம் அளவு கேமராவின் சுமார் 83 மி.மீ. கோணத்துக்குச் சமம்.

அந்த வேகம் எங்கிருந்து கிடைக்கும்? கிட் லென்ஸ் 18 மி.மீ.யில் எஃப் 3.5 வரை திறக்கும், 55க்கு ஜூம் செய்தால் 5.6 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் ஏற ஏற லென்ஸின் துளை சிறிதாகும்). அதாவது ஜூம் செய்தாலே வெளிச்சத்தில் ஐந்தில் மூன்று பங்கு போய்விடுகிறது. ஜூம் செய்யாமல் நாலடி முன்னால் போய் 18-இல் எடுங்கள்: அதே அறையில் 1/13 என்பது சுமார் 1/30 ஆகும். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்ச உணர்திறனை, 1600இலிருந்து 6400க்கு ஏற்றுங்கள்: 1/125 வந்துவிட்டது. முகத்தை மட்டும் ரொம்ப நெருங்காதீர்கள், 18-இல் மூக்கு பெரிதாகத் தெரியும்.

மெனுவில் ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்ச வரம்பை 6400 என்றும், குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 என்றும் வையுங்கள். அந்த இரண்டாவது வரி இல்லாத மாடல் என்றால் மோடு டயலை எஸ்-க்கு, கேனானில் ‘Tv’ என்று எழுதிய இடத்துக்குத் திருப்பி வேகத்தை நீங்களே வையுங்கள்.

அதன்பிறகும் போதவில்லை என்றால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கலாம். 5.6ஐ விடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். உங்கள் 1/13 அதே ஐஎஸ்ஓவில் 1/125 ஆகும். ஆனால் ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இல் தெளிவாக இருக்கும் ஆழம் வெறும் 6 செ.மீ. சொச்சம். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கும். நிகான் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். வாங்கும்முன் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

போனோடு ஒப்பிட வேண்டாம். அது கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்துச் சேர்த்து, கூர்மையையும் ஏற்றித் தருகிறது. டிஎஸ்எல்ஆர் ஜேபெக்கில் ஷார்ப்னஸ் அளவாகத்தான் இருக்கும். பிக்சர் ஸ்டைல் மெனுவில் ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம்.

பதில் – கண்ணாடிப்பெட்டி

ஷட்டர் விழாதது பற்றி. கேனானில் ஒன் ஷாட், நிகானில் ஏஎஃப்-எஸ் என்ற ஃபோகஸ் நிலையில் (லென்ஸில் எழுதியிருக்கும் ஏஎஃப்-எஸ் வேறு), ஃபோகஸ் பிடிபடாமல் கேமரா படமெடுக்காது. பட்டனைப் பாதி அழுத்தி, வியூஃபைண்டரின் கீழ்ப்பட்டையில் உள்ள சின்ன வட்டத்தைப் பாருங்கள். நிலையாக நின்றால் ஃபோகஸ் பிடித்துவிட்டது, மினுக்கினால் பிடிக்கவில்லை. வெறும் சுவர், ஒரே நிறத் துணி, மங்கிய மூலை இவற்றில் பிடிக்காது. ரொம்பக் கிட்டப் போனாலும் பிடிக்காது: கிட் லென்ஸ்களுக்கு எல்லை சுமார் 25 செ.மீ. அதை லென்ஸ் முனையிலிருந்து அளக்கக்கூடாது. பாடியின் மேல்பக்கம் வட்டத்தைக் கோடு வெட்டும் குறி இருக்கும், அங்கிருந்து அளக்க வேண்டும். ஃப்ளாஷ் சார்ஜ் ஏறும் ஓரிரு நொடிகளிலும் ஷட்டர் விழாது.

ஃபோகஸ் புள்ளித் தேர்வு ஆட்டோவில் இருந்தால் பெரும்பாலும் முன்னால் நீட்டியிருக்கும் எதையாவது பிடித்துக்கொள்ளும், பல நேரம் குழந்தையின் கையை. ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்துப் பாதி அழுத்துங்கள். ஓடும் பிள்ளைக்கு, ஃபோகஸைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே வரும் ஏஐ சர்வோ (கேனான்) அல்லது ஏஎஃப்-சி (நிகான்). இதில் ‘பீப்’ வராது. பெரும்பாலான மாடல்களில் ஃபோகஸ் பிடிக்காவிட்டாலும் படம் விழும் என்பதால் எல்லாவற்றுக்கும் இதையே வைத்துவிடாதீர்கள். ஓட்டத்தைப் பிடிக்கும்போது லைவ் வியூவை (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) அணைத்துவிடுங்கள். பல டிஎஸ்எல்ஆர்களில் லைவ் வியூ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தேடி நேரத்தை விழுங்கும்.

வியூஃபைண்டர் கலங்கலுக்கு மருந்து கண் வைக்கும் ரப்பருக்குப் பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரம். வெளிக்காட்சியைப் பார்க்காமல், உள்ளே கீழே தெரியும் எண்களைப் பார்த்தபடி அவை பளிச்சென்று ஆகும்வரை திருப்புங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் கண்ணாடியோடே செய்யுங்கள்.

பதில் – வெள்ளைச்சமன்

மேலே சொன்ன 1/250, உங்கள் டியூப்லைட்டோடு ஒத்துப்போகாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 1/250 நொடி என்பது அந்த ஒரு துடிப்பில் பாதிகூட இல்லை. துடிப்பின் உச்சியில் விழுந்தால் வெளிச்சம், பள்ளத்தில் விழுந்தால் இருட்டும் மஞ்சளும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுத் துடிப்பும் உள்ளே வந்துவிடும், எல்லாப் படமும் ஒன்றுபோல் இருக்கும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/125, 1/60. எல்லா எல்இடியும் இப்படித் துடிக்காது. சந்தேகமிருந்தால் போன் கேமராவை விளக்கின் பக்கம் காட்டுங்கள்; திரையில் பட்டை பட்டையாக ஓடினால் இதே நோய்தான். சில புதிய மாடல்களில் ஆன்டி-ஃப்ளிக்கர் என்ற வரி மெனுவில் இருக்கும். அது துடிப்பின் உச்சிவரை காத்திருந்து எடுக்கும், 1/250ம் கிடைக்கும். அது இல்லை என்றால் ஓட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்.

கேள்வி – புதுக்கண்

18 மி.மீ., 1/125, ஐஎஸ்ஓ 6400 வைத்ததும் முகம் தெளிவாகிவிட்டது. மிக்க நன்றி. ஆனால் புள்ளி புள்ளியாக மணல் தூவியதுபோல இருக்கிறது. இன்னொன்று, வெளியில் எஃப் 16-இல் எடுத்த வானத்தில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இரண்டு சாம்பல் பொட்டு. உள்ளே இருக்கும் கண்ணாடியைத் துடைக்கலாமா?

பதில் – கண்ணாடிப்பெட்டி

கண்ணாடியைத் தொடவே தொடாதீர்கள். அதன் பூச்சு மேற்பரப்பிலேயே இருப்பதால் எளிதில் கீறும். அதில் இருக்கும் தூசி படத்தில் வரவும் வராது. பொட்டு சென்சார்மேல் உட்கார்ந்த தூசி. எஃப் 22 வைத்து, ஃபோகஸைக் கையால் கலைத்துவிட்டு வெள்ளைச் சுவரை எடுங்கள். எத்தனை தூசி, எங்கே என்று தெரிந்துவிடும். படம் தலைகீழாக விழுவதால் மேலே தெரியும் பொட்டு சென்சாரின் கீழ்ப்பாதியில் இருக்கும்.

முதலில் மெனுவில் உள்ள சென்சார் க்ளீனிங்கை இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். போகாவிட்டால், கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் க்ளீனிங் வரியைத் தேர்ந்து, கேமராவைக் குப்புறப் பிடித்து, ரப்பர் ஊதியால் நாலைந்து முறை ஊதுங்கள். ஊதியின் முனை லென்ஸ் மாட்டும் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், டப்பாவில் அடைத்த காற்று கறை விடும். பேட்டரி முழுதாக இருக்கும்போதே செய்யுங்கள். பாதியில் தீர்ந்தால் கண்ணாடியும் ஷட்டர் திரையும் நடுவிலேயே இறங்கிவிடும்.

மணலுக்கு: ஐஎஸ்ஓ 1600-இல் இருட்டாக எடுத்துப் பிறகு கணினியில் வெளிச்சமேற்றினாலும் இதே மணல் வரும், நிழலில் நிறமும் கெடும். 6400-இல் சரியான வெளிச்சத்தோடு எடுப்பதே மேல். சுவரில் மாட்டும் அளவில் பிரின்ட் போட்டுப் பாருங்கள். திரையில் முழுதாகப் பெரிதாக்கிப் பார்த்த மணலில் பாதி அங்கே தெரியாது.