புதுப்பிப்பு: செவ்வரத்தை பூத்துவிட்டது

ஹட்டன் பக்கம் எங்கள் லயத்து வாசல் செவ்வரத்தையில் மொட்டெல்லாம் விரியாமலே உதிர்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். இலைக்கு அடியில் பாருங்கள் என்றீர்களே, பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக மாப்பூச்சி, கூடவே எறும்பு வரிசை. பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பே அதைக் காவல் காக்கிறது. மோசமான கிளைகளை வெட்டி எரித்தேன். மிச்சத்துக்கு வாரம் ஒருதரம், மூன்று வாரம், இலையின் அடிப்பக்கமும் நனையச் சவர்க்காரத் தண்ணீர் அடித்தேன். வேரில் மழைத்தண்ணீர் தேங்காமல் சின்னக் கானும் வெட்டினேன்.

நேற்று 7 பூ! ஒரே நாளில் வாடிவிடும் என்று அம்மா விடியவே பறித்து மாரியம்மனுக்கு வைத்துவிட்டார்.

தண்டு வேண்டியவர்கள் சொல்லுங்கள், பூச்சி படாத கிளையில் தருகிறேன். பென்சில் பருமனில் அரையடி வெட்டி, நிழலில் ஈர மணலில் ஊன்றுங்கள்.