பாய்காட் என்பது ஒரு ஆளின் பெயரா?

கேள்வி:
பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 'பாய்காட்' (புறக்கணிப்பு) என்ற சொல் ஒருவருடைய பெயர் என்று ஒரு மாணவி சொல்கிறாள். உண்மையா? முதலில் என்ன பொருள்?

பதில்:
உண்மைதான் டீச்சர். சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட். 1879-ல் விளைச்சல் படுமோசம். மறுவருடம் குத்தகைக்காரர்கள் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10-க்கு மேல் இறங்கவில்லை. பாய்காட் வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார். அவ்வளவுதான், ஊரே ஒதுக்கிவைத்துவிட்டது. வேலையாட்கள் நின்றுவிட்டார்கள், கடைக்காரர் சாமான் தர மறுத்தார், தபால் கொண்டுவந்த பையனும் வரவில்லை. அறுவடைக்கு அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து ஐம்பது பேரைக் கூட்டிவந்தார்கள், ராணுவக் காவலோடு! அந்த வருடம் முடிவதற்குள் பத்திரிகைகளில் அவர் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. பசியில் இருந்த குத்தகைக்காரர்கள் கையில் எடுத்த ஆயுதம் இது. பிள்ளைகளுக்கு அதை அவசியம் சொல்லுங்கள்.

இன்னொரு பதில்:
ஆக, முதல் பொருள் ஒரு மனிதரை ஊரே விலக்குவது. பொருள்களையும் சேவைகளையும் புறக்கணிப்பது பிறகு வலுத்தது: 1905-ல் வங்கத்தில் அந்நியத் துணி, 1955-ல் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் பஸ். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நாடுகளே செய்தன.

கேட்டவர்:
மிக்க நன்றி. நாளைக்கு அந்த மாணவியையே வகுப்பில் சொல்லச் சொல்கிறேன்.