ஏற்காட்டில் வீட்டு இணைப்பு: மாதம் 1000 ஜிபி போதுமா?

நாகலூர்_ரோடு:
வணக்கங்க. நாகலூர் ரோட்டில் வீடு, 40 மீட்டர் தள்ளி ஒரு அவுட்ஹவுஸ். ரெண்டு பேருக்கு வீட்டிலிருந்தே வேலை, தினமும் வீடியோ கால் உண்டு. சாயங்காலம் டிவி. மூணு வைஃபை கேமரா 24 மணி நேரமும் கிளவுடில் பதிவாகணும். ஊர் கேபிள்காரர் ஃபைபர் 100 எம்பிபிஎஸ், மாதம் 3300 ஜிபி தர்றார். டவரிலிருந்து கம்பியில்லாமல் வர்ற 5ஜி ஏர் இணைப்பும் 100 எம்பிபிஎஸ்தான், ஆனா 1000 ஜிபி. மழையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்துடுமோன்னு யோசனை. எதை எடுக்கலாம்?

ஒளியிழை:
முதல்ல கேமராவைக் கணக்குப் போடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். 1080பி கேமரா ஒண்ணு 2 எம்பிபிஎஸ் அனுப்புதுன்னா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. மூணுக்கும் 65, மாதத்துக்கு 1950 ஜிபி. அப்லோடையும் வரம்பில் சேர்த்துதான் எண்ணுவாங்க. 1000 ஜிபி திட்டம் 16ஆம் தேதியே தீர்ந்துடும், டிவியைத் தொடவே வேண்டாம். எச்டி படம் மணிக்கு 3 ஜிபி, 4கே 7 ஜிபி. உங்க வீட்டில் வரம்பைத் தின்பது டிவி இல்லை, கேமராதான்.

அதனால் பதிவு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். கேமராவில் 128 ஜிபி கார்டு போட்டால் அஞ்சாறு நாள் நிற்கும். தொடர்ந்து எழுதத் தாங்கும் ஹை எண்டூரன்ஸ் கார்டாக வாங்குங்க, சாதாரண கார்டு சீக்கிரம் போயிடும். ஆள் நடமாட்டம் மட்டும் கிளவுடுக்குப் போனால் 1000 ஜிபியே தாராளம்.

ஹேர்பின்20:
ஃபைபர் கிடைக்குதுன்னா ஃபைபர்தாங்க என் ஓட்டு. ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி பவர் மீட்டர் வச்சு ஒளி அளவைக் காட்டச் சொல்லுங்க. மைனஸ் 15லிருந்து மைனஸ் 25 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு) வரை சரி. மைனஸ் 27ஐத் தாண்டினால் லைன் விட்டு விட்டு வரும். தோட்டத்துக்குள்ள சில்வர் ஓக் மரத்தில் கட்டி இழுத்த கேபிள் காத்துக்கு ஆடும். கட்டின இடத்தில் இறுக்கி மடங்கினால் அங்கேயே ஒளி கசியும். வீட்டில் வைக்கிற ஃபைபர் பெட்டியில் (ஓஎன்டி) எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரலைன்னு அர்த்தம், ரூட்டரை அணைச்சுப் போட்டுப் பயனில்லை.

அவுட்ஹவுஸுக்கு லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும், 40 பிரச்சினை இல்லை. ஆனா இடி மின்னல் ஊரில் ரெண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கம்பி வேண்டாம். ரெண்டு எர்த்துக்கும் வித்தியாசம் வந்தால் ரெண்டு முனையிலும் போர்ட் எரியும். உலோகக் கம்பி இல்லாத ஃபைபரும், ஃபைபரை லேனாக மாத்தித் தர்ற மீடியா கன்வர்ட்டர் ரெண்டும் போதும்.

கரண்ட் போனால்? உங்க ஓஎன்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போடலாம். கேபிள்காரர் பெட்டியில் எத்தனை மணி நேர பேட்டரி இருக்குன்னும் கேட்டுக்கங்க. அங்கே இல்லைன்னா உங்க யுபிஎஸ் வீண்.

சூரமங்கலம்_நெட்:
5ஜி எடுக்கறதா இருந்தால் ராத்திரி 9 மணிக்குச் சோதிச்சுப் பாருங்க, அதிலும் அப்லோடைப் பாருங்க. மூணு கேமராவும் சேர்ந்து ஓயாமல் 6 எம்பிபிஎஸ் அப்லோடு பண்ணினால் வீடியோ கால்தான் முதலில் திக்கும். பனிமூட்டத்துக்குப் பயப்பட வேண்டாம், டவருக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே நிற்கிற நனைஞ்ச மரம்தான் சிக்னலைக் குடிக்கும். வரம்பு தாண்டினால் வேகம் எவ்வளவு, சொன்ன விலையில் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கா, ரெண்டையும் எழுத்தில் வாங்கிடுங்க.

நாகலூர்_ரோடு:
கேமராவையே கழட்டிட்டுப் போனால் கார்டும் போயிடுமே?

ஒளியிழை:
அப்போ வீட்டுக்குள்ள ஒரு என்விஆர் (கேமராக்களின் பதிவைச் சேமிக்கும் பெட்டி), 1 டிபி டிஸ்க். நாளைக்கு 65 ஜிபி கணக்கில் சுமார் 15 நாள் பதிவு நிற்கும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க கேமரா ஆன்விஃப் (வேற வேற கம்பெனி கேமராவும் ரெக்கார்டரும் பேசிக்கிற பொது முறை) ஏற்குமான்னு பாருங்க. கிளவுடு மட்டுமே பேசுற மாடல் என்விஆரில் சேராது.