கொள்ளுத்தாத்தா உயிலை வச்சு அதுக்கு மேல உள்ள முன்னோர் பேரைப் பிடிக்க முடியுமா?

அரசலாறு_பேரன்:
வணக்கம். சொந்த ஊரு கும்பகோணம் பக்கம், இப்ப இருக்கிறது பெங்களூர்ல. தாத்தாவோட அப்பா பேரு வரைக்கும் தெரியும், அதுக்கு மேல கேட்டா வீட்ல ஆளாளுக்கு ஒரு பேரு சொல்றாங்க. கொள்ளுத்தாத்தா 1930கள்ல உயில் எழுதி ரிஜிஸ்டர் பண்ணாருன்னு பெரியப்பா சொல்றாரு, சரின்னு ஆன்லைன்ல வில்லங்கம் போட்டுப் பாத்தா உயில்னு ஒரு வரி கூட வரல. உயில் எங்க கிடைக்கும், அதுல அவரோட அப்பா, தாத்தா, கூடப்பிறந்தவங்க பேரெல்லாம் இருக்குமா? சொத்துக்காக இல்லைங்க, வம்சாவளி எழுதத்தான்.

பத்திரம்_படிப்பவன்:
தம்பி, வில்லங்கத்துல உயில் வராது. நிலம் கிரயம் ஆனது, அடமானம் வச்சது எல்லாம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒன்னாம் புத்தகத்துல ஏறும், வில்லங்கம் அதை வச்சுதான் வரும். உயில் மூணாம் புத்தகம், அதுக்கு இண்டெக்ஸே தனி. எழுதுனவர் உயிரோட இருக்கறவரைக்கும் அவருக்கோ அவரோட ஏஜெண்டுக்கோ மட்டும்தான் நகல் தருவாங்க, காலமானப்புறம் யார் மனு போட்டாலும் வாங்கலாம் (1908 பதிவுச் சட்டம் 57வது பிரிவு). இறந்ததுக்கு ஆதாரம் கேப்பாங்க. புத்தகத்தை நம்ம கையில தர மாட்டாங்க, ஆபீஸ்ல அவங்கதான் தேடணும், அதனால பேரும் உத்தேச வருஷமும் சொன்னாதான் வேலை நடக்கும். உங்க ஊரு அப்ப எந்த சார்பதிவகத்துல இருந்துச்சுன்னு முதல்ல விசாரிங்க, இப்ப இருக்கிற ஆபீஸா இருக்கணும்னு இல்ல.

ஆனா என்னைக் கேட்டா உயிலை விட்டுட்டு பாகப்பிரிவினை பத்திரத்தைத் தேடுங்க. 1956க்கு முன்னாடி கூட்டுக்குடும்பத்துல பிரியாம இருக்கிற ஒருத்தர் பூர்வீக சொத்துல தன் பங்கை உயில் எழுதவே முடியாது, சுயார்ஜிதத்தைத்தான், அதாவது தானா சம்பாதிச்சதைத்தான் எழுதலாம். அதனால அந்தக் கால உயில்ல பொண்டாட்டி பிள்ளைங்க பேரோட கதை முடிஞ்சுரும். பாகப்பிரிவினைன்னா அண்ணன் தம்பி அத்தனை பேரும், செத்துப்போன அண்ணனோட மைனர் பசங்களும், அவங்களுக்கு கார்டியனா தாயாரும்னு வரிசையா வருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் "தஞ்சாவூர் ஜில்லா கும்பகோணம் தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் விவசாயம் இன்னார்"னு அப்பா பேரு, தொழில், ஜாதி வரைக்கும் இருக்கும். செக்குபந்தியையும் விடாதீங்க, நாலு பக்கமும் யார் நிலம்னு இருக்கும்ல, அதுல பாதி பேரு பங்காளிங்களாத்தான் இருப்பாங்க. ஒரே நிலத்தை மூணு அண்ணன் தம்பி பிரிச்சா அப்புறம் ஒருத்தருக்கு ஒருத்தர் எல்லைக்காரங்கதானே. இது ஒன்னாம் புத்தகம், யார் வேணா நகல் போடலாம். கம்ப்யூட்டர்ல பெரும்பாலும் 1975க்கு இந்தப்பக்கம்தான் இருக்கும், அதுக்கு முன்னாடின்னா நேர்ல மனு போட்டுத்தான் தேடணும்.

மைதிலி_திருச்சி:
பத்திரம் சார் சொன்னதோட ஒன்னு சேத்துக்கோங்க, பழைய பாகப்பிரிவினைல பொண்ணுங்க பேரே இருக்காது, அத வச்சு மட்டும் வம்சாவளி எழுதினீங்கன்னா பாதி குடும்பம் காணாமப் போயிரும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் அப்பா சொத்துல பொண்ணுக்கும் பங்கு வந்துச்சு, உடனே அண்ணன் தம்பிங்க அக்கா தங்கச்சிகிட்ட விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க ஆரம்பிச்சாங்க. பங்கைப் பறிச்ச காகிதம்தான், ஆனா அந்த அத்தைங்க பேரு, வாக்கப்பட்ட ஊரு, வீட்டுக்காரர் பேரு எல்லாம் ஒரே இடத்துல இருக்கிறது அதுலதான். இன்னொன்னு, மூத்த பையனுக்குத் தாத்தா பேரு வைக்கிற வழக்கத்தால ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை ஒரே பேரு வரும், அப்பா பேரையும் சேத்துப் பாக்காம ஆளை முடிவு பண்ணாதீங்க.

எழும்பூர்வாசி:
உங்க குடும்பத்துக்கு இனாம் நிலம் (வரி இல்லாமலோ குறைச்சலாவோ மானியமா விட்ட நிலம்) இருந்துச்சா? கோவில் ஊழியம், மணியம், அக்ரஹாரம் இப்படி ஏதாவது இருந்தா 1858ல ஆரம்பிச்ச இனாம் கமிஷனோட ரிஜிஸ்டரைப் பாருங்க, எழும்பூர் ஆவணக் காப்பகத்துல கேக்கலாம். முதல்ல இனாம் வாங்குனது யாரு, அப்ப அனுபவிக்கிறவர் பேரு வயசு, அவருக்கும் முதல் ஆளுக்கும் என்ன உறவுன்னு தனித்தனி கட்டம் இருக்கும். 1860ல அறுவது வயசுன்னு போட்டிருந்தா நீங்க 1800க்கே போயிட்டீங்க. சாதாரண பட்டா நிலம்னா இதுல தேடி பிரயோஜனம் இல்ல. சென்னை நகரத்துல வீடு வாசல் இருந்திருந்தா ஐகோர்ட் ப்ரொபேட்டும் (உயில் செல்லும்னு கோர்ட் தர்ற உத்தரவு) பாருங்க, 1870 இந்து உயில் சட்டத்துலேர்ந்து அங்க வேற முறை இருந்துச்சு.

அரசலாறு_பேரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இனாம் எதுவும் இல்ல, வெறும் பட்டாதான். பெரியப்பா வீட்டுப் பரண்ல ஒரு கிரயப் பத்திரம் இருக்காம், வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினாரு, மேல் பக்கம் கட் ஆகிருக்கு, தாது வருஷம் மாசி மாதம்னு மட்டும் தெரியுது. இது எந்த வருஷம்?

பத்திரம்_படிப்பவன்:
அறுவது வருஷத்துக்கு ஒரு தரம் தாது வரும், அதனால 1877 இல்ல 1937. மேல முத்திரையில விக்டோரியா ராணி தலை இருந்தா முன்னது, அதாவது தாது வருஷப் பஞ்ச நேரம், நிலத்தை வித்துட்டுப் போன கதையா இருக்கலாம், வித்தது யாருன்னு நல்லாப் படிங்க. ஜார்ஜ் ராஜா தலைன்னா 1937. பசலி (ஜூலைல ஆரம்பிக்கிற வரிக்கணக்கு வருஷம்) போட்டிருந்தா 590 கூட்டிக்கோங்க, அது ஆரம்பிச்ச இங்கிலீஷ் வருஷம் வந்துரும்; மாசி மாசம் அடுத்த வருஷத்துல வர்றதால இதுக்கு 591 கூட்டணும். பெரியப்பாகிட்ட முழுசா ஒரு போட்டோ கேளுங்க, பின்பக்கமும் சேத்து, ரிஜிஸ்டர் ஆன நம்பரும் புத்தக நம்பரும் அங்கதான் எழுதியிருப்பாங்க.