கோச்சை மாத்துனா கோல் வந்துருமா? ஆசியக் கோப்பையும் அதுக்கப்புறமும்

காரைக்குடி ஸ்டாப்பர்:
2024 ஜனவரியில கத்தார்ல நடந்த ஆசியக் கோப்பையில நம்ம இந்தியக் கால்பந்து டீம் ஆஸ்திரேலியாகிட்ட 0-2, உஸ்பெகிஸ்தான்கிட்ட 0-3, சிரியாகிட்ட 0-1. மூணு மேட்ச்ல ஒரு கோல் இல்ல. மார்ச்ல குவாஹாட்டியில ஆப்கானிஸ்தானுக்கு எதிரா கேப்டன் சேத்ரி பெனால்டியில முந்திட்டு, 70ஆவது நிமிஷத்துல இருந்து ரெண்டு கோல் வாங்கித் தோத்தோம். ஜூன்ல உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றும் போச்சு, கோச் ஸ்டிமாச்சை அனுப்புனாங்க. அனுப்புனது சரிதான்.

தேவகோட்டை நடுக்களம்:
அண்ணே, தேதியைப் பாருங்க. நம்ம கிளப்புகள் ஆடுற ஐஎஸ்எல் லீக் டிசம்பர் கடைசி வரைக்கும் ஓடுச்சு. 30ஆம் தேதி தோஹா போனாங்க, ஜனவரி 13 ஆஸ்திரேலியா மேட்ச். ஸ்டிமாச் நாலு வாரம் கேட்டாரு, கிடைச்சது ரெண்டு. அன்வர் அலி, ஜீக்சன், ஆஷிக் மூணு பேருமே காயத்துல வெளியில. ஆத்தங்குடிக் கல்லைத் தண்ணித் தொட்டியில ஊற விடாம எடுத்துப் பதிச்சா எந்தக் கொத்தனாரைத் திட்டுவீங்க?

காரைக்குடி ஸ்டாப்பர்:
ரெண்டு வாரம் போதாதுங்கறதை முழுசா ஏத்துக்க மாட்டேன் தம்பி. 2025 ஆகஸ்ட்ல கோச்சா வந்த காலித் ஜமீலுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் கிடைச்சது, மோகன் பகான் கிளப் தன்னோட ஆளுகளை விடவும் இல்ல. அப்படியும் மத்திய ஆசிய நாடுகள் கோப்பையில தஜிகிஸ்தானை அவங்க ஊர்லயே 2-1. உவைஸோட நீளமான த்ரோ, அன்வர் தலை, அஞ்சு நிமிஷத்துக்குள்ள கோல். ஓமனைப் பெனால்டியில சாய்ச்சு மூணாம் இடம். ஆட்டத்தைப் பிரிச்சு மேயத் திறமை இல்லாத டீம் த்ரோவையும் கார்னரையும்தான் முதல்ல பழகணும்.

தேவகோட்டை நடுக்களம்:
அதே காலித்தோட டீம்தான் அக்டோபர்ல ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுல சிங்கப்பூர்கிட்ட மாட்டுச்சு. அங்க போய் 1-1, அதுவும் 90ஆவது நிமிஷம் ரஹீம் அலி அடிச்சதால. ரெட் கார்டு வாங்கின ஜிங்கன் அடுத்த மேட்ச் இல்ல. கோவாவுல சாங்தே 14ஆவது நிமிஷமே போட்டாரு, அவங்க ஆளு சாங் உய்-யங் 44லயும் 58லயும் திருப்பிட்டாரு. 1-2. 2027 ஆசியக் கோப்பையே கை விட்டுப் போச்சு. இப்ப இவரையும் அனுப்பிருவோமா?

பள்ளத்தூர் லெஃப்ட் பேக்:
நடுவுல இருந்த மனோலோ மார்க்கேஸை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. எட்டு மேட்ச், ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுகிட்ட. மொத்தம் அஞ்சு கோல். கோவா கிளப்பையும் பார்த்துக்கிட்டே நாட்டு டீமையும் பார்த்தாரு. ஷில்லாங்ல பங்களாதேஷ்கூட 0-0, ஹாங்காங்ல இஞ்சுரி டைம்ல கீப்பர் விஷால் கைத் பந்தை விட்டுட்டு ஆளைக் குத்திப் பெனால்டி கொடுத்து 0-1. அதே மேட்ச்ல ஆஷிக் கோல் முன்னாடி தனியா நின்னு வெளியில அடிச்சாரு. அதுக்குக் கோச் என்ன செய்வாரு?

தேவகோட்டை நடுக்களம்:
அங்கதான் விஷயமே இருக்கு. ஐஎஸ்எல்ல ஒரே நேரத்துல நாலு வெளிநாட்டுக்காரங்க ஆடலாம். அதுல ஒருத்தரைக் கிளப்புகள் கோல் அடிக்கற ஸ்ட்ரைக்கர் இடத்துலதான் வைக்கும். நம்ம பையன் ஓரத்துக்கு, விங்குக்குப் போவான், இல்லைன்னா கடைசிப் பத்து நிமிஷம் இறங்குவான். ஓய்வு பெற்ற சேத்ரியை 40 வயசுல திரும்பக் கூப்பிட்டது அதனாலதான். ஆஸ்திரேலியா மேட்ச்ல 16ஆவது நிமிஷம் ஓரத்துல இருந்து பூஜாரி கிராஸ், சேத்ரி பாய்ஞ்சு தலையால முட்டி வெளியில போச்சு. அந்த இடத்துக்கு ஓடி வர இன்னொரு ஆள் நம்மகிட்ட இல்ல.

காரைக்குடி ஸ்டாப்பர்:
அது உண்மைதான். ஆனா கோல் வாங்குனதுக்கு என்ன காரணம்? அதே மேட்ச்ல முதல் பாதி 0-0ன்னு நல்லாக் கட்டிப்போட்டோம். 50ஆவது நிமிஷம் கீப்பர் குர்பிரீத் கிராஸை அரைகுறையாத் தட்ட, பந்து ஆஸ்திரேலியாவோட இர்வின் கால்ல போய் விழுந்துச்சு. தட்டுனா பெட்டிக்கு வெளியில, ஓரமாப் போகணும்; கீழ விழுற பந்துக்கு பெட்டி முன்னாடி இருக்கற அரைவட்டம், அந்த 'டி' முனையில ஒரு ஆள் நிக்கணும். யாரும் இல்ல. உஸ்பெகிஸ்தான்கிட்ட நாலாவது நிமிஷமே கோல், இடைவேளைக்குள்ள மூணு. இதெல்லாம் கோச் பார்க்க வேண்டியது.

பள்ளத்தூர் லெஃப்ட் பேக்:
நம்ம பக்கத்து மைதானங்கள்ல என்ன பழக்குறாங்க? வேகமா ஓடுறவனை விங்குல விட்டுர்றாங்க, ஒன்பதாம் நம்பருக்குன்னு, அதாவது ஸ்ட்ரைக்கருக்குன்னு, தனிப் பயிற்சியே கிடையாது. ஓரத்துல இருந்து இருபது கிராஸ் போடச் சொல்லணும். அதுல பத்துக்கு முன் கோல் கம்பத்துக்கு ஓடணும், மிச்சப் பத்துக்குப் பின் கம்பம். ஓட்டத்தை முன்கூட்டியே ஆரம்பிக்கக் கூடாது, கிராஸ் போடுறவன் தலையைத் தூக்கும்போதுதான். 14 வயசுலயே இதைத் தொடங்கணும்.

தேவகோட்டை நடுக்களம்:
சரிண்ணே, 14 வயசுல பழகுறவனைக் கிளப் 20 வயசுல பெஞ்சுல உட்கார வச்சா? ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு மட்டுமாவது வெளிநாட்டு ஆளுக்குக் கட்டுப்பாடு வேணும்.

காரைக்குடி ஸ்டாப்பர்:
அதுல நானும் உங்க பக்கம். ஆனா ஸ்டிமாச் விஷயத்துல மாற மாட்டேன். ஆப்கானிஸ்தான் மேட்ச்சை இன்னொரு தடவை 70ஆவது நிமிஷத்துல இருந்து பாருங்க.